டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை: ரயிலையும் லாரியையும் சேர்த்துச் சரக்கு அனுப்ப ஒரு முழுமையான வழிகாட்டி

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் கடை வைத்திருப்பவர்கள் போன் செய்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, ரயிலில் போட்டால் எவ்வளவு குறையும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "கடை வாசலில் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, எப்படி இறக்கப் போகிறீர்கள்?" ரயில் கட்டணத்துக்கும் கடை வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குத் தோன்றும். நிறையவே இருக்கிறது.

டர்பனில் கிளியரிங் (சுங்கத்திலிருந்து சரக்கை விடுவிக்கும்) வேலை பார்த்த இத்தனை வருடத்தில், தண்டவாளத்தில் ஓடும்போது பெட்டிக்கு ஏதாவது ஆனதை நான் அதிகம் பார்த்ததில்லை. கப்பலிலிருந்து யார்டு, யார்டிலிருந்து வேகன், வேகனிலிருந்து லாரி, லாரியிலிருந்து கடை என்று கை மாறும் இடங்களில்தான் காசும் நாளும் சரக்கும் கரையும். அதனால் இந்த வழிகாட்டியில் ரயிலைப் பற்றிக் கொஞ்சமும் கைமாற்றங்களைப் பற்றி நிறையவும் இருக்கும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நமக்கும் இந்த ஊர் ரயிலுக்கும் வயது ஒன்றுதான். 1860 ஜூன் 26-ல் டர்பன் பாயின்ட்டிலிருந்து மார்க்கெட் சதுக்கம் வரை முதல் ரயில் ஓடியது. அதே வருடம் நவம்பர் 16-ல் மெட்ராஸிலிருந்து நம் முதல் ஆட்களோடு 'ட்ரூரோ' கப்பல் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு மட்டுமல்ல, நட்டால் ரயில்வேக்கும் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். தண்டவாளம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதில் சரக்கு அனுப்பக் கணக்குப் போடுகிறார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் உங்கள் சரக்கு ரயிலுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கி.மீ. ஹாரிஸ்மித் வழியாகப் போகும். ரயில் பாதையோ லேடிஸ்மித், நியூகாசில், ஃபோக்ஸ்ரஸ்ட், ஸ்டாண்டர்டன் என்று சுற்றிக்கொண்டு சுமார் 700 கி.மீ. ஓடும். லாரி ஒரே இரவில் போய்விடும். ரயில் ஓடும் நேரம் கிட்டத்தட்ட ஒரு நாள். ஆனால் யார்டில் காத்திருப்பு, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சேர்த்து, கப்பலிலிருந்து கடை வரை ஒரு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளில் வந்தால் லாபம்.

500 கி.மீ.க்கு மேல் போனால்தான் ரயில் கட்டுப்படியாகும் என்பது தொழிலில் சொல்லும் கைக்கணக்கு. நம் வழித்தடம் அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அதனால் தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எடைதான் தீர்மானிக்கும்.

இங்கே சாலைச் சட்டப்படி ஒரு லாரியும் அதன் டிரெய்லர்களும் சரக்கோடு சேர்ந்து 56 டன்னைத் தாண்டக்கூடாது. இரண்டு டிரெய்லர் இழுக்கும் சூப்பர்லிங்க் வண்டியின் சொந்த எடையே 20 டன் அளவில் இருக்கும். மிச்சம் 35, 36 டன். அரிசி, பருப்பு, ஓடு, எவர்சில்வர் என்று அடைத்த 6 மீட்டர் பெட்டி ஒன்று 24 டன் என்றால், அந்த வண்டியில் இரண்டு ஏறாது. ஒன்றோடு போக வேண்டும், வாடகை முழுதும் அந்த ஒன்றின் தலையில். ரயிலில் கதை வேறு. பொது வழித்தடங்களில் அச்சுக்கு 20 டன் என்பது வழக்கம். நான்கு அச்சு வேகன் என்றால் மொத்தம் 80. வேகனின் எடையைக் கழித்தாலும் 24 டன் பெட்டி இரண்டு தாராளமாக உட்காரும்.

ஆக, கனமான 6 மீட்டர் பெட்டி, அவசரமில்லாத சரக்கு, மாதா மாதம் வரும் வியாபாரம் என்றால் ரயிலைப் பாருங்கள். இலேசான 12 மீட்டர் பெட்டியில் துணிமணியோ பிளாஸ்டிக்கோ வருகிறது, அதுவும் தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் பேசாமல் லாரியில் போடுங்கள். (நம் ஊரில் யாரும் இருபதடி, நாற்பதடி என்று சொல்வதில்லை. சிக்ஸ் மீட்டர், ட்வெல்வ் மீட்டர்தான். இந்தியாவிலிருந்து வரும் இன்வாய்ஸில் அடிக்கணக்கில் இருக்கும், குழம்ப வேண்டாம்.)

கடிவாளம் யார் கையில்?

இதை முடிவு செய்ய வேண்டிய நேரம் சரக்கு சென்னையிலோ தூத்துக்குடியிலோ கப்பல் ஏறுவதற்கு முன்னால். டர்பன் வந்த பிறகு யோசித்தால் பாதி வாய்ப்பு போய்விடும்.

இரண்டு முறை உண்டு. ஒன்று, கப்பல் கம்பெனியே உள்நாட்டுப் பயணத்தையும் ஏற்றுக்கொள்வது. பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டில்) ஒப்படைக்கும் இடம் என்ற கட்டத்தில் டர்பன் என்று இல்லாமல், ஜோகன்னஸ்பர்க்கின் ரயில் சரக்கு முனையமான சிட்டி டீப் என்று இருக்கும். ரயில் புக் செய்வது, பெட்டியை யார்டிலிருந்து வேகனுக்கு ஏற்றுவது எல்லாம் அவர்கள் பாடு. இரண்டாவது, டர்பனோடு கப்பல் கம்பெனியின் பொறுப்பு முடிந்து, மேற்கொண்டு நீங்களோ உங்கள் ஃபார்வேர்டரோ (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) ஏற்பாடு செய்வது.

மாதம் ஒன்றிரண்டு பெட்டி எடுப்பவருக்கு நான் முதல் முறையைத்தான் சொல்வேன். ரயிலில் இடம் பிடிப்பது மொத்தமாக வாங்குபவர்களின் ஆட்டம். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. கப்பல் கம்பெனிக்கு ஒவ்வொரு ரயிலிலும் இடம் உண்டு, அதில் உங்கள் பெட்டியும் ஏறிக்கொள்ளும். ஆனால் ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரயில் தாமதமானால் அவர்கள் பெட்டியை லாரியில் போடலாமா, போட்டால் கூடுதல் பணம் யாருடையது? பல ஒப்பந்தங்களில் எதில் அனுப்புவது என்பது அவர்கள் விருப்பம் என்றுதான் பொடி எழுத்தில் இருக்கும்.

மாதம் பத்துப் பெட்டிக்கு மேல் போனால் இரண்டாவது முறையையும் விலை கேட்டுப் பாருங்கள். அப்போது சிட்டி டீப் மட்டுமல்ல, தனியார் முனையங்களும் கணக்கில் வரும். உங்கள் கிடங்குக்கு எது பக்கம் என்று பார்த்து எடுக்கலாம்.

முழுக் கணக்கு

ரயில் கட்டணத்தையும் லாரி வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் ஏமாறுவார்கள். லாரி வாடகை துறைமுகத்திலிருந்து கடை வாசல் வரை. ரயில் கட்டணம் முனையத்திலிருந்து முனையம் வரை மட்டும். அதன் மேல் சிட்டி டீப்பில் வேகனிலிருந்து இறக்கும் கூலி, லாரியில் ஏற்றும் கூலி, கடை வரை லாரி, கடையில் லாரி நிற்கும் நேரம், அப்புறம் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பயணம் என்று வரிசையாகச் சேரும். துறைமுகத்தின் சரக்குத் தீர்வையும் முனையக் கூலியும் இரண்டு வழியிலும் ஒன்றுதான், அதை விடுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் ரயிலில் மிச்சம் வருகிறதா? நல்லது. இப்போது அந்த மிச்சத்தை ஒரு நாள் தாமதத்தின் செலவால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக உருண்டையாகச் சொல்கிறேன். ரயிலில் 4,000 ராண்ட் மிச்சம். பெட்டி ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் யார்டு வாடகையும் பெட்டி வாடகையும் சேர்ந்து 1,000 ராண்ட். அப்படியானால் உங்கள் லாபம் நான்கு நாள் தாமதம் வரைதான் தாங்கும். ஐந்தாவது நாளிலிருந்து கைக்காசு. இந்த ஒரு எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது லாரியைக் கூப்பிட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

இங்கே குழப்பும் மூன்று சொற்கள் உண்டு. ஸ்டோரேஜ் என்பது முனையத்தின் இடத்துக்கு வாடகை, முனையம் வாங்கும். டெமரேஜ் என்பது பெட்டி முனையத்துக்குள்ளேயே இலவச நாளைத் தாண்டிக் கிடப்பதற்குக் கப்பல் கம்பெனி வாங்குவது. டிடென்ஷன் என்பது வெளியே எடுத்துப்போன பெட்டியைக் காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் வருவது. ரயிலில் போகும் பெட்டிக்கு இலவச நாள் டர்பனில் ஓடத் தொடங்குகிறதா, சிட்டி டீப்பில் இறங்கிய பிறகா என்று கேளுங்கள். ஒரே ஒரு மின்னஞ்சல். அதைக் கேட்காததால் பெட்டி தண்டவாளத்தில் நின்ற நாளுக்கும் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுக்குவதில் ரயிலுக்கென்று ஒரு கவனம்

இது விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடம். லாரி பிரேக் போட்டால் சரக்கு முன்னால் தள்ளும், அது எல்லோருக்கும் தெரியும். ரயிலில் வேகன்களைக் கோத்துச் சேர்க்கும்போது பெட்டி முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். கதவு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் உங்கள் கையில் இல்லை.

சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த பேக்கிங் விதிமுறையில் இதற்கு எண்கள் உண்டு. சாலையில் முன்னோக்கிச் சரக்கு எடையின் 80 சதவீத அளவுக்குத் தள்ளு வரும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 50 சதவீதம். ரயிலில் சாதாரண ஓட்டத்தில் முன்னும் பின்னும் 50, வேகன்களை மோதிக் கோக்கும் இடத்தில் 100 சதவீதம் வரை. கடலில் மோசமான பகுதிகளில் பக்கவாட்டில் 80. அதாவது 20 டன் சரக்கு, கோக்கும் அந்தக் கணத்தில் 20 டன் பலத்தோடு கதவைத் தள்ளலாம்.

ஒருமுறை லெனேஷியாவில் ஒரு பெட்டியைத் திறக்க நானும் போயிருந்தேன். எவர்சில்வர் பாத்திரம். உள்சுவர்ப் பக்கம் அட்டைப் பெட்டிகள் கச்சிதமாக இருந்தன. கதவுப் பக்கம் கடைசி ஒரு முழம் இடத்தை அடைக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். சீலை வெட்டி, கம்பியைத் திருப்பி, வலது கதவை ஒரு சாண் திறந்ததும் பையன் பின்வாங்கினான். அட்டைகள் கதவின் மேல் சாய்ந்து நின்றன. இரண்டாவது கதவைத் திறக்கும்போது மேல் வரிசை சரிந்து, அண்டா ஒன்று தெருவில் உருண்டு எதிர்வீட்டு வாசல் வரை போனது. சிரித்தோம். அடுத்த வரிசையில் இருந்த குடங்களெல்லாம் நசுங்கியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதனால் இந்தியாவில் அடுக்குகிறவருக்குச் சொல்லி அனுப்புங்கள்: கதவுப் பக்கமும் சட்டம் அடித்து அடைக்க வேண்டும், இடைவெளியில் காற்றுப் பையோ மரக்கட்டையோ வேண்டும், எடை நடுவில் பரவ வேண்டும். கதவை மூடும் முன் ஒரு போட்டோ, மூடி சீல் வைத்த பின் சீல் எண் தெரிய ஒரு போட்டோ. இரண்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டியது: கற்பூரம். புரட்டாசிக்குப் பூஜைச் சாமான் இறக்குபவர்கள் ஊதுபத்தி, குங்குமம், திரி, கற்பூரம் எல்லாவற்றையும் ஒரே வரியில் 'பூஜைப் பொருட்கள்' என்று எழுதிவிடுவார்கள். கற்பூரம் ஐ.நா. எண் 2717, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், வகுப்பு 4.1. தீப்பெட்டியும் அதே வகுப்புதான், எண் 1944. இவற்றை அபாயச் சரக்கு என்று அறிவித்து, உரிய பேக்கிங்கில், உரிய லேபிளோடு அனுப்ப வேண்டும். கப்பல், முனையம், ரயில், லாரி நான்குக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கடைக்காரரின் பெட்டியில் நாலே நாலு அட்டைக் கற்பூரம் அறிவிக்காமல் வந்தது. பரிசோதனையில் வெளியே வந்து, முழுப் பெட்டியும் புரட்டாசி முடியும் வரை யார்டிலேயே கிடந்தது. அந்த வருடம் அவர் கடையில் குங்குமம்கூட இல்லை.

காகிதமும் சுங்கமும்

சிட்டி டீப் என்பது 1977-லிருந்து இயங்கும் உள்நாட்டுத் துறைமுகம். பெயர் பழைய தங்கச் சுரங்கத்தினுடையது. பில் ஆஃப் லேடிங் அதுவரை இருந்தால், பெட்டி டர்பனில் சுங்கம் கட்டாமலேயே சுங்கப் பொறுப்பில் அங்கே போகும். அறிவிப்பும் வரியும் சிட்டி டீப்பில். சுங்கம் கட்டாத பெட்டியை எல்லா லாரியும் எடுத்துப்போக முடியாது, அதற்கு சார்ஸ் (நாட்டின் வரித்துறை) கொடுத்த உரிமம் வேண்டும். ரயில் தாமதமாகி, வேகன் ஏறும் முன் லாரிக்கு மாற்ற நேர்ந்தால் இது ஞாபகம் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று தெரிந்த பையனின் லாரியைக் கூப்பிட முடியாது.

வரிக் கணக்கு தெரியாமல் பலர் பணம் புரட்ட ஓடுவார்கள். வாட் 15 சதவீதம் இன்வாய்ஸ் விலைக்கு மட்டுமல்ல. சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, தீர்வையையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குத்தான் 15 சதவீதம். சரக்கின் மதிப்பு 4,00,000 ராண்ட், தீர்வை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4,00,000, அதில் 10 சதவீதமாக 40,000, தீர்வை 40,000. மொத்தம் 4,80,000. வாட் 72,000. தீர்வையோடு சேர்த்துக் கட்ட வேண்டியது 1,12,000. இந்தப் பணம் கையில் தயாராக இல்லாவிட்டால் சிட்டி டீப்பில் பெட்டி கிடக்கும், ஸ்டோரேஜ் ஓடும்.

கப்பல் டர்பனைத் தொடும் முன்பே ஏஜென்ட் கையில் காகிதங்கள் இருக்க வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் பெட்டி எண், சீல் எண், எடை ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். உணவுப் பொருள் என்றால் சுகாதார அனுமதியும், தானியம், விதை என்றால் விவசாயத் துறையின் காகிதங்களும் தனி. அவை எந்த ஊரில் பார்க்கப்படும், டர்பனிலா உள்நாட்டிலா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

காப்பீடு

சரக்குக் காப்பீட்டில் 'கிடங்கிலிருந்து கிடங்கு வரை' என்று இருக்கிறதா, ரயில் பகுதியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கலவரம், வேலைநிறுத்தத்தால் வரும் நஷ்டத்தை இங்கே சாதாரணப் பாலிசி தொடாது. அதற்கு அரசின் சாஸ்ரியா காப்பீடு தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் என்3-ல் மூய் ரிவர் பக்கம் லாரிகள் எரிந்தபோது இது பலருக்குப் புரிந்தது. பிரீமியம் சின்னது, விட்டுவிடாதீர்கள்.

டர்பன் பக்கம் நடப்பது

சிட்டி டீப் பில் என்றால் இங்கே உங்களுக்கு வேலை குறைவு. கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி முனையத்துக்குள்ளேயே ரயில் பக்கத்துக்குப் போய் வேகன் ஏறும். லாரியில் எடுப்பதானால் முன்பதிவு நேரம் வாங்கி, துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் வரிசையில் நிற்க வேண்டும். பேஹெட்டில் ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயிலின் உண்மையான லாபங்களில் அந்த வரிசையைத் தவிர்ப்பதும் ஒன்று.

இன்னொரு லாபம் உயரம். இங்கே சாலையில் வண்டியின் உயரம் 4.3 மீட்டர் என்பது விதி. ஹை-கியூப் எனப்படும் உயரமான பெட்டியே 2.9 மீட்டர். டிரெய்லர் தளம் 1.4 மீட்டருக்கு மேல் போனால் கணக்கு இடிக்கும். இதை வைத்து வருடக்கணக்காக அரசுக்கும் லாரிக்காரர்களுக்கும் இழுபறி. உங்கள் லாரிக்காரரிடம் தாழ்ந்த தளம் உள்ள டிரெய்லர் இருக்கிறதா என்று கேட்பது புத்திசாலித்தனம், சிட்டி டீப்பிலிருந்து கடை வரையுள்ள கடைசி 35 கி.மீ.க்கும் சேர்த்து.

ரயில் ஓடும்போது, ஓடாதபோது

பெட்டி எண்ணை வைத்து அது ஏறிவிட்டதா என்று ஏஜென்ட்டிடம் தினமும் கேளுங்கள். 'கப்பலிலிருந்து இறங்கிவிட்டது' என்பதும் 'வேகனில் ஏறிவிட்டது' என்பதும் வேறு வேறு செய்தி. நடுவில் நாலு நாள் இருக்கலாம்.

ஒளித்துப் பேச வேண்டியதில்லை, இந்த நாட்டு ரயில் சில வருடங்களாகப் படுத்துவிட்டது. ரயிலையும் துறைமுகத்தையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் 2017-18-ல் ரயிலில் ஏற்றியது 226 மில்லியன் டன். 2022-23-ல் 149.5-க்கு இறங்கி, 2024-25-ல் 160 அளவுக்கு ஏறியிருக்கிறது. கேபிள் திருட்டு, உதிரிபாகம் இல்லாமல் நிற்கும் இன்ஜின்கள் என்று காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கும் காட்டோ ரிட்ஜுக்கும் நடுவே பாதை அடித்துப்போய், சுமார் இரண்டு மாதம் ரயிலே இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் கலவரத்தால் என்3 மூடியது, அதே மாதம் டிரான்ஸ்நெட்டின் கணினிகள் மேல் தாக்குதல். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பியவர்கள் ஒவ்வொரு முறையும் மாட்டினார்கள்.

2025 ஆகஸ்ட்டில் 11 தனியார் நிறுவனங்களுக்கு 41 தடங்களில் ரயில் ஓட்ட வாய்ப்பு தருவதாகப் போக்குவரத்து அமைச்சர் பார்பரா கிரீசி அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் இன்ஜினும் வேகனும் வாங்கி, ஒப்பந்தம் போட்டு ஓடத் தொடங்கப் பல மாதம், சில நிறுவனங்களுக்குச் சில வருடம் பிடிக்கும். நாளைய பெட்டிக்கு அதை நம்ப வேண்டாம்.

நான் செய்யச் சொல்வது இது. வருடத்துச் சரக்கில் அவசரமில்லாத பெரும்பகுதியை ரயிலில் போடுங்கள், மிச்சத்தை லாரியில். சுங்க உரிமம் உள்ள ஒரு லாரிக்காரரிடம் முன்பே விலை பேசி வையுங்கள். பெட்டி வேகன் ஏறும் முன் தாமதம் என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். ஏறிவிட்டால் பொறுத்திருப்பதுதான், நடுவழியில் ஸ்டாண்டர்டனில் யாரும் உங்கள் பெட்டியை மட்டும் இறக்கித் தரமாட்டார்கள். தீபாவளிச் சரக்கை ஆகஸ்ட்டில் டர்பனுக்குக் கொண்டுவாருங்கள். அக்டோபர், நவம்பரில் கிறிஸ்துமஸ் சரக்கும் சேர்ந்து துறைமுகம் திணறும். 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே கப்பல்கள் வரிசையாக நின்றது மறந்திருக்காது.

சிட்டி டீப்பிலிருந்து கடை வரை

இதுதான் முதலில் கேட்ட கேள்வி. இந்தக் கடைசித் துண்டு மிகச் சின்னது, லெனேஷியா வரை 35 கி.மீ. போல. ஆனால் கி.மீ. கணக்கில் மிக விலை உயர்ந்ததும் இதுதான்.

பெட்டி சுங்கத்திலிருந்து விடுபட்டதும் லாரிக்கு நேரம் புக் செய்யுங்கள், விடுபடும் முன் வேண்டாம். லாரி வந்து காத்திருந்தால் அதற்கும் மணிக்கணக்கில் வாடகை. வேகனில் இரண்டு பெட்டியாக வந்த கனச் சரக்கு இங்கே இரண்டு லாரி அல்லது இரண்டு நடை என்பதை மறக்காதீர்கள்.

லாரியில் ஏறும்போது உங்கள் ஆள் ஒருவர் அங்கே இருப்பது நல்லது. பெட்டி எண், சீல் எண் இரண்டையும் காகிதத்தோடு ஒப்பிட்டு, மூலைகள், கூரை, கதவு ரப்பர் பார்த்து, நசுங்கல் இருந்தால் அங்கேயே கையெழுத்துக் காகிதத்தில் எழுத வேண்டும். "பரவாயில்லை, கடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கையெழுத்துப் போட்டால் நசுங்கியது உங்கள் கையில் என்றாகிவிடும். சீல் எண் மாறியிருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஏஜென்ட்டுக்கும் காப்பீட்டுக்காரருக்கும் போன் செய்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இப்போது கடை வாசல். பெரிய கிடங்கு என்றால் லாரியின் தளத்துக்குச் சமமாக மேடை இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஓடும். நம் கடைகளில் மேடையும் கிடையாது, பல தெருக்களில் 12 மீட்டர் டிரெய்லர் திரும்ப இடமும் கிடையாது. வழி மூன்று. ஆள் வைத்து லாரி நிற்கும்போதே இறக்குவது. இலவச நேரத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்தக் கூலி. பெட்டியைத் தரையில் இறக்கி வைக்கும் பக்கவாட்டுக் கிரேன் லாரியைக் கூப்பிடுவது. வாடகை கூடுதல், ஆனால் இரண்டு நாள் நிதானமாக இறக்கலாம். மூன்றாவது, சிட்டி டீப் பக்கத்திலேயே ஒரு டிப்போவில் பெட்டியைப் பிரித்து, சின்ன லாரியிலும் பக்கியிலும் (பிக்கப் வண்டி) கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவருவது. இடமில்லாத கடைக்கு மூன்றாவதுதான் சரி. பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரே பெட்டியில் சரக்கு எடுப்பவர்களுக்கும் அதுவே.

எதிர்த் திசையில் அனுப்புபவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அதே படிகள் தலைகீழாக. இரண்டு கவனம் மட்டும் கூடுதல். கப்பலேறும் பெட்டியின் எடையைச் சரிபார்த்து முன்கூட்டியே தர வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் சர்வதேச விதி. மேடையில் நிறுத்தி எடுத்த எடையோ, உள்ளே இருப்பதையும் பெட்டியையும் கூட்டிய கணக்கோ, இரண்டில் ஒன்று. மற்றது, துறைமுகத்தில் உங்கள் கப்பலுக்கு ஸ்டாக் (அந்தக் கப்பலின் பெட்டிகளை முனையம் வாங்கி அடுக்குவது) திறக்கும் நாளும் மூடும் நாளும். ரயில் முன்னதாக வந்தால் வெளியே காத்திருக்கும் செலவு, பின்னதாக வந்தால் கப்பல் போய்விடும். ஸ்டாக் மூடுவதற்கு மூன்று நாள் முன்பே பெட்டி டர்பனில் இருக்கும்படி ரயிலைப் பிடியுங்கள். பழம், மீன் போன்ற குளிர்பெட்டிச் சரக்கு என்றால் வழி நெடுக மின்சாரம் யார் தருவது, வெப்பநிலையை யார் பார்ப்பது என்று எழுத்தில் வாங்காமல் ரயிலில் ஏற்றாதீர்கள்.

காலிப் பெட்டி

சரக்கு இறங்கியதும் எல்லோரும் கணக்கு முடிந்ததாக நினைப்பார்கள். பெட்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. எந்த டிப்போவில் திருப்பித் தர வேண்டும் என்று கப்பல் கம்பெனியிடம் அன்று காலையில் கேளுங்கள், டிப்போ நிரம்பினால் இடத்தை மாற்றுவார்கள். சில கம்பெனிகள் சிட்டி டீப் பக்கம் வாங்கிக்கொள்ளும், சில டர்பனுக்கே திருப்பச் சொல்லும். டர்பன் என்றால் அந்த 570 கி.மீ. செலவை முதல் கணக்கிலேயே சேர்த்திருக்க வேண்டும். உள்ளே கூட்டிப் பெருக்கி, ஆணி, மரத்துண்டு, பழைய லேபிள் எல்லாம் எடுத்துவிடுங்கள். மஞ்சள்தூள் சிந்தியிருந்தால் கழுவும் கூலி வரும், நமக்கு அது அடிக்கடி வரும். டிப்போவில் பெட்டியை வாங்கிக்கொண்டதற்கு டிரைவர் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். தேதியும் நேரமும் தெரிய அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிடென்ஷன் பில் மூன்று மாதம் கழித்துக்கூட வரும், அப்போது அந்த டிரைவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.